பெங்களூர் வேலையை விட்டு ஊர் மாறுவது: கையில் வேலையோடு போவதா, போய்த் தேடுவதா, கோவையா, சென்னையா?

பெங்களூரில் எட்டு, பத்து வருடம் ஐ.டி.யில் இருந்துவிட்டவர்கள், அதிலும் கொங்குப் பக்கத்துக்காரர்கள், அடிக்கடி கேட்பது இது: “போதும், கோயம்புத்தூர் போயிடலாமா?” கேட்பவர்களில் பாதிப் பேர் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அப்பா அம்மா பக்கத்தில் இருப்பார்கள், வாடகை குறையும், சில்க் போர்டு சிக்னலில் ஆயுசைக் கழிக்க வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் வேலையை விடுவதும் ஊரை விடுவதும் இரண்டு தனி முடிவுகள். இரண்டையும் ஒரே மூச்சில் எடுக்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கிற வேலையை வைத்துக்கொண்டே கோவை போவது, கோவையில் ஆஃபர் வாங்கிக்கொண்டு போவது, பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா கொடுத்துவிட்டு, போய்த் தேடுவது, கோவையை விட்டுவிட்டுச் சென்னைக்கு மாறுவது.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலில், மாதக் கடைசியில் மிஞ்சுவது. கணக்குக்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கையில் மாதம் 1,50,000 வாங்குகிறீர்கள், பெங்களூர் வாடகை 38,000. கோவையில் அதே மாதிரி வீடு 20,000-க்குக் கிடைக்கிறது. மிச்சம் 18,000. புது வேலையில் சம்பளம் 20 சதவீதம் குறைந்தால் போவது 30,000. வாடகையில் சேமித்ததை விட 12,000 அதிகம். வாடகை குறைகிற அளவுக்கு மற்றவை குறைவதில்லை. இ.எம்.ஐ., போன், இன்சூரன்ஸ், சிலிண்டர், அமேசான் பார்சல் எல்லாம் எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். கோவையில் மெட்ரோ கிடையாது. வீட்டில் இருவர் வேலைக்குப் போனால் இரண்டு வண்டி வேண்டும். உதாரணத்தில் உள்ளவருக்கு 12 சதவீதச் சம்பளக் குறைவே வாடகை மிச்சத்தைச் சாப்பிட்டுவிடும். உங்கள் எண்களைப் போட்டு இந்த எல்லைக்கோட்டை முதலில் கண்டுபிடியுங்கள். ஆஃபர் பேசும்போது எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று அதுதான் சொல்லும்.

“இரண்டாவது வேலை”, அதாவது போகிற ஊரில் முதல் வேலை போனால் கிடைக்கும் அடுத்த வேலை. ஐந்தில் இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். போகிற ஊரில் முதல் வேலை கிடைக்குமா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். தேடினால் ஒன்று கிடைக்கும். இரண்டு வருடத்தில் அந்தப் ப்ராஜெக்ட் முடிந்தாலோ, மேனேஜர் ஒத்துவராவிட்டாலோ, கம்பெனியே கிளையை மூடினாலோ, அதே ஊரில், அதே சம்பளத்தில், உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற அடுத்த இடம் எது? குறைந்தது நான்கைந்து கம்பெனிகளின் பெயர் சொல்ல முடிய வேண்டும். அதற்குள் குழந்தை பள்ளியில் சேர்ந்திருக்கும், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். மறுபடியும் ஊர் மாறுவது அப்போது இவ்வளவு எளிதாக இருக்காது.

எத்தனை மாதம் தாங்கும். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்பது. பி.எஃப். பணத்தை இதில் சேர்க்காதீர்கள்.

வீட்டில் மற்றவர்கள். கணவன், மனைவி இருவருமே ஐ.டி. என்றால் “இரண்டாவது வேலை”க் கணக்கை இரண்டு முறை போட வேண்டும். இதை மறந்துவிட்டு ஒருவர் வேலைக்காக மட்டும் ஊர் மாறி, இன்னொருவர் வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பது சகஜமாக நடக்கிறது. பெரும்பாலும் உட்கார்வது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் வழி. சரிப்படவில்லை என்றால் ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வர முடியுமா, என்ன செலவாகும்.

## வழி 1: இருக்கிற வேலையோடு கோவை

கேட்க இதைவிட நல்லது இல்லை. பெங்களூர்ச் சம்பளம், கோவை வாடகை. இதிலும் இரண்டு வகை இருக்கிறது. உங்கள் கம்பெனிக்குக் கோவையிலேயே அலுவலகம் இருந்து டிரான்ஸ்ஃபர் வாங்குவது ஒன்று. காக்னிசன்ட், பாஷ் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இது நடக்கக்கூடியது. டிரான்ஸ்ஃபர் கிடைத்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), குரூப் இன்சூரன்ஸ் எதுவும் அறுபடாது. நான்கில் ஆபத்து மிகக் குறைவான வழி இதுதான், ஆனாலும் பலர் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஊருக்குத் தகுந்தபடி சம்பளத்தைத் திருத்துவார்களா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ரிமோட். இங்கேதான் கவனம் தேவை. மேனேஜர் “நீ ஊர்ல இருந்தே பாரு, பரவாயில்லை” என்று வாய்வார்த்தையாகச் சொன்னது, மேனேஜர் மாறும் வரைக்கும்தான் செல்லும். டி.சி.எஸ். 2023 அக்டோபரிலும், அமேசான் 2025 ஜனவரியிலும் வாரம் ஐந்து நாள் அலுவலகம் வரச் சொன்னதை நினைவில் வையுங்கள். எச்.ஆர். பதிவில் உங்கள் பணியிடம் ‘பெங்களூர்’ என்றே இருந்தால், ஒரு மின்னஞ்சலில் திரும்ப அழைக்கலாம்.

மறைமுகச் செலவும் உண்டு. மாதம் இரண்டு முறை பெங்களூர் போக வேண்டியிருந்தால் டிக்கெட், தங்கல் எல்லாம் சொந்தக் காசு. கோவை – பெங்களூர் கன்டோன்மென்ட் வந்தே பாரத், 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் ஆறரை மணி நேரம். உதய் எக்ஸ்பிரஸும் இருக்கிறது. ஆனால் இரண்டும் பகல் வண்டிகள், ஆபீஸ் நாளில் பாதியைத் தின்றுவிடும். காலை மீட்டிங்குக்கு இரவு பஸ்ஸோ இரவு ரயிலோதான் கதி. வீட்டில் இன்வெர்ட்டர், இரண்டாவது இன்டர்நெட் இணைப்பு என்று ஒரு முறை செலவும் இருக்கிறது. எண்ணில் வராத செலவு, அப்ரைசல். டீம் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருக்க நீங்கள் மட்டும் திரையில் தெரிந்தால், பிரமோஷன் பேச்சில் உங்கள் பெயர் கடைசியில் வரும்.

எப்போது சிறந்தது: பணியிடம் கோவை என்று கடிதம் கிடைத்தால், அல்லது டீமே நாலு ஊரில் சிதறி இருந்தால். வாய்வார்த்தை மட்டும் இருந்தால், பெங்களூர் வீட்டைக் காலி செய்யாமல் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம். குழந்தையின் டி.சி.யை அதற்குள் வாங்க வேண்டாம்.

## வழி 2: கோவையில் ஆஃபர் வாங்கிக்கொண்டு

கோவையில் ஐ.டி. இல்லை என்று சொன்ன காலம் போய்விட்டது. விளாங்குறிச்சி டைடல் பார்க் 2010-லேயே வந்தது. அதன் பக்கத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் புதிய ஐ.டி. கட்டடம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் போனால் காலை ஒன்பது மணிக்குக் கழுத்தில் ஐ.டி. கார்டு இல்லாத ஆளைப் பார்ப்பதே அரிது.

ஆனால் எந்த வேலை என்பதைப் பொறுத்து ஊரின் அகலம் மாறுகிறது. எம்பெடட், ஆட்டோமோட்டிவ் மென்பொருள், ஈ.ஆர்.பி., டெஸ்டிங், சப்போர்ட், பொதுவான ஜாவா, டாட்நெட் என்றால் இரண்டாவது வேலைக்கு இடமுண்டு. பம்ப், மோட்டார், ஜவுளி இயந்திரம் செய்யும் ஊர் என்பதால், ஆலைகளை அறிந்த மென்பொருள்காரருக்கு இங்கே தனி மரியாதை. பெங்களூரில் பெரிய ப்ராடக்ட் கம்பெனியில் டேட்டா ப்ளாட்ஃபார்ம், எஸ்.ஆர்.இ. (சர்வர்களைத் தடங்கலின்றி ஓட வைக்கும் வேலை), மெஷின் லேர்னிங் என்று மேல் நிலைக்குப் போனவருக்கு ஊர் சட்டென்று சுருங்கிவிடும். அதிலும் பதினைந்து வருட அனுபவத்துக்கு மேல் ஆர்க்கிடெக்ட், டைரக்டர் என்று தேடினால், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் வாய்ப்புகளில் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆஃபர் பேசும்போது சந்திக்கப்போகும் முதல் வாதம், “கோவையில் செலவு கம்மிதானே?” மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ரீலொக்கேஷன் தொகையும் ஜாயினிங் போனஸும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் பெரும்பாலும் இருக்கும். கையில் வாங்கியது வரி போக, திருப்பிக் கேட்பது முழுத் தொகை என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆஃபர் வாங்குவதிலேயே ஒரு சிக்கல், 90 நாள் நோட்டீஸ், அதாவது பேப்பர் போட்டபின் பழைய கம்பெனியில் வேலை பார்க்க வேண்டிய காலம். “முப்பது நாளில் சேர முடியுமா?” என்று ரெக்ரூட்டர் கேட்பார். முடியாது என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நடுத்தரக் கம்பெனிகளுக்கு மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லை. பையவுட் (மீதி நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டிவிட்டு முன்பே விலகுவது) செய்யலாம் என்றால் அதை யார் கட்டுவது என்ற கேள்வி. இதனால்தான் பலர் மூன்றாவது வழிக்குத் தள்ளப்படுகிறார்கள்.

வீடு எடுக்கும்போது அலுவலகம் சரவணம்பட்டிப் பக்கமா, பீளமேட்டுப் பக்கமா என்று முதலில் பாருங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபின் அவினாசி சாலையில் மூச்சு விட முடிகிறது. சத்தி சாலையில் கணபதி தாண்டும் நேரத்தில் பெங்களூர் ஞாபகம் வரும். சிறுவாணித் தண்ணீரும் எல்லா ஏரியாவுக்கும் வருவதில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

எப்போது சிறந்தது: உங்கள் திறனுக்கு ஊரில் நான்கைந்து கம்பெனிகள் இருந்து, சம்பளக் குறைவு உங்கள் எல்லைக்கோட்டுக்குள் இருந்தால். பெற்றோர் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் என்றால் நான் இதைத்தான் முதலில் முயலச் சொல்வேன்.

## வழி 3: பேப்பர் போட்டுவிட்டுப் போய்த் தேடுவது

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். சந்தை ‘உடனே சேர்பவர்’களைத்தான் தேடுகிறது. பேப்பர் போட்டு, நோட்டீஸின் இரண்டாவது மாதத்தில் இருப்பவருக்கு, போடாமல் தேடுபவரை விட அழைப்புகள் அதிகம் வரும். வேலை உடம்பைப் பாதிக்கத் தொடங்கிவிட்டது, இரவில் தூக்கமில்லை என்றால் அப்போது கணக்கே வேறு.

ஆபத்து இருப்பது கடைசி வேலை நாளுக்குப் பிறகு. அதுவரை “இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?” என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தது. அதற்குப் பின் “ஏன் இடைவெளி?” என்று கேட்பார்கள், மூன்று மாதம் போனால் சம்பளத்தைக் குறைத்துப் பேசுவார்கள். கோவை போன்ற சிறிய சந்தையில் இடைவெளி நீள வாய்ப்பும் அதிகம். வேலை இல்லாத நிலையில் வீட்டுக் கடனும் கிடைக்காது. பேங்க் கேட்பது சமீபத்திய சம்பளச் சீட்டு. கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் விடுவதற்கு முன் முடித்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சம்பளம் நிற்கப்போகிறது என்று தெரிந்தே இ.எம்.ஐ. ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த வழியில் போவதாக இருந்தால், பேப்பர் போட்டபின் 90 நாளும் பெங்களூரிலேயே இருந்து தேடுங்கள். ஊர் மாறுவதை அந்த 90 நாளின் முடிவுக்குத் தள்ளுங்கள். ஆஃபர் எதுவும் வராமல் நாள் முடிந்துபோனால் கோவையோடு சென்னை, பெங்களூர் வாய்ப்புகளையும் அப்போது திறந்து வையுங்கள்.

எப்போது சிறந்தது: எட்டு முதல் பன்னிரண்டு மாதச் செலவு கையில் இருந்து, இ.எம்.ஐ. இல்லாமல், வீட்டில் இன்னொரு சம்பளம் வந்துகொண்டிருந்தால். ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு இதைச் சொல்ல மனம் வரவில்லை.

## வழி 4: சென்னை

இரண்டாவது வேலைக் கணக்கில் தமிழ்நாட்டுக்குள் சென்னைக்குப் போட்டியே இல்லை. தரமணி டைடல் பார்க் 2000-ல் திறந்தது முதல் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) முழுக்கச் சிறுசேரி வரை, இந்தப் பக்கம் கிண்டி, போரூர் என்று கம்பெனிகள் பரவிக் கிடக்கின்றன. சம்பளமும் கோவை அளவுக்குக் குறையாது. கணவன், மனைவி இருவருக்கும் வேலை வேண்டும் என்றால் இங்கேதான் அது எளிது.

ஆனால் எதற்காக ஊர் மாறுகிறீர்கள்? பெற்றோர் பக்கத்தில் இருக்க என்றால் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கி.மீ., சென்னை 340. கோவையிலிருந்து பெங்களூர் 360 போல, சென்னை 500. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ‘தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டேன்’ என்ற திருப்தியில், அம்மாவை விட்டு இன்னும் தூரம் போயிருப்பீர்கள். விழுப்புரம், வேலூர், தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கதை வேறு.

வாடகை பெங்களூரை விடக் குறைவாகக் கிடைக்கும். வீடு பார்க்கும்போது 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று விசாரியுங்கள். வேளச்சேரி, பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஓ.எம்.ஆர். மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கும் சாலையில் தினமும் போய்வருவதையும் கணக்கில் சேருங்கள். வெயிலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இடையில் ஓசூரையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டி என்றால், வேலையை விடாமல் மாநிலம் மட்டும் மாறலாம். தமிழ்ப் பள்ளி, தமிழ்நாட்டு மின்கட்டணம், குறைந்த வாடகை எல்லாம் உண்டு. பதிலுக்கு மாநில எல்லையில் அத்திப்பள்ளி நெரிசல். அலுவலகம் ஒயிட்ஃபீல்டு என்றால் இதை மறந்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வேலையோடு கோவை | கோவை ஆஃபர் | விட்டுவிட்டுத் தேடல் | சென்னை |
|---|---|---|---|---|
| மாத மிச்சம் | அதிகம் | சம்பளக் குறைவைப் பொறுத்தது | முதலில் பூஜ்யத்துக்குக் கீழே | சுமார் |
| இரண்டாவது வேலை | பெங்களூர்ச் சந்தை திறந்தே இருக்கும் | துறையைப் பொறுத்தது | முதல் வேலையே கேள்வி | நல்லது |
| கையிருப்புத் தேவை | 2–3 மாதம் | 3–4 மாதம் | 8–12 மாதம் | 3–4 மாதம் |
| துணைவர் வேலை | கடினம் | கடினம் | கடினம் | எளிது |
| திரும்பும் வழி | எளிது | நடுத்தரம் | கடினம் | நடுத்தரம் |

## எந்த வழியில் போனாலும் கையைக் கடிப்பவை

கிராஜுவிட்டி. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கணக்கு: கடைசி மாத அடிப்படைச் சம்பளம் × 15/26 × பணியாற்றிய வருடங்கள். அடிப்படை 60,000 என்றால் ஐந்து வருடத்துக்கு ஏறத்தாழ 1,73,000. நான்கே கால் வருடத்தில் விடுவதாக இருந்தால் இந்தத் தொகையை மனதில் வைத்துத் தேதியை முடிவு செய்யுங்கள்.

பி.எஃப். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. எடுக்காமல், அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புது வேலைக்கு மாற்றிவிடுங்கள்.

பெற்றோரின் மருத்துவக் காப்பீடு. என் பார்வையில் மிகப் பெரிய ஓட்டை இதுதான். கம்பெனியின் குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள அப்பாவுக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் ஊருக்குப் போகிறோம், போகிற வழியில் அவர்களுடைய காப்பீட்டைத் தொலைத்துவிடுகிறோம். விலகும் முன்பே, குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சின்ன ஆறுதல்.

அட்வான்ஸ். புது வீட்டுக்கு முன்பணம் முதலில் போகும், பெங்களூர் வீட்டுப் பணம் காலி செய்தபின் வரும், அதிலும் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

வருமான வரி. ஆண்டு நடுவில் மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புது நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இருவரும் தனித்தனியாகக் குறைவாகப் பிடித்து, ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

பள்ளி. தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். கன்னடமும் இந்தியும் படித்து வந்த ஆறாம் வகுப்புக் குழந்தை திடீரென்று தமிழில் கட்டுரை எழுத வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவதால் மட்டும் அது வந்துவிடாது. முடிந்தால் ஒரு வருடம் முன்பே எழுதப் பழக்குங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பில் இருந்தால் பத்து முடியும் வரை பொறுப்பதே நல்லது. ஜூனில் பள்ளி தொடங்குவதற்குள் சேர வேண்டுமானால், 90 நாள் நோட்டீஸுக்கு மார்ச் முதல் தேதியே பேப்பர் போட வேண்டும். உங்கள் கம்பெனியில் வருட போனஸ் ஏப்ரலில் என்றால், நோட்டீஸில் இருப்பவருக்கு அது உண்டா என்று முதலில் பாருங்கள்.

வண்டி. கே.ஏ. பதிவு வண்டி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் மறுபதிவு செய்ய வேண்டும். பெங்களூர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, பிறகு கர்நாடகத்தில் மீதி வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். பணம் கட்டுவது உடனே, திரும்ப வருவது மெதுவாக. பேங்க் கடனில் இருக்கும் காருக்கு பேங்கின் என்.ஓ.சி.யும் தேவை. இனிமேல்தான் கார் வாங்கப்போகிறீர்கள், கம்பெனிக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருக்கிறது என்றால், ஊர் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். வரிசைப் பதிவு உங்கள் ஆர்.டி.ஓ.வில் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஊர் மாறும் எண்ணம் இருக்கும்போது பெங்களூரில் ஆயுள் வரி கட்டிக் கார் எடுக்காதீர்கள், கோவை போய் எடுத்துக்கொள்ளலாம்.